ஆகஸ்ட் விடுமுறைக்கு ஒரு நீச்சல் குழு

கல்லடி,
சனிக்கிழமை இரவு

அன்பின் மச்சாள்,

மகளிடம் போய்ச் சுகமாக வந்து சேர்ந்துவிட்டேன். கோயில் குளிர்த்திச் சடங்குக்கு நான் வரவில்லை என்று நீ கோபித்துக்கொண்டிருப்பதாகச் சின்னக்கா சொன்னாள். கண்ணகி அம்மனுக்கு நேர்ந்ததை அடுத்த வைகாசியில் வந்து கட்டிவிடுகிறேன். அம்மன் பொறுப்பாள், நீதான் பொறுக்கமாட்டாய். முழங்கால் எப்படி இருக்கிறது? மருத்துவர் தந்த மருந்தை அலுமாரியில் பூட்டி வைத்துவிட்டுப் பழைய எண்ணெயையே பூசிக்கொண்டிருக்கிறாயாம். அதற்கு நேரில் வந்து சண்டை பிடிக்கிறேன். இந்தக் கடிதம் வேறு ஒரு விஷயத்துக்காக. தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே குறுக்கிட்டு "வேண்டாம்" என்பாய். ஆகையால் முழுவதையும் படித்துவிட்டுப் பேசு.

அங்கே பேத்தியை ஒரு நீச்சல் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். மகள் இருக்கும் அமெரிக்காவின் வட வெர்ஜீனியாவில் பல குடியிருப்புகளில் ஒரு நீச்சல் தடாகம் இருக்கிறது. கோடை விடுமுறை வந்தால் அந்தத் தடாகத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒரு குழு. இப்படிப்பட்ட குழுக்கள் சேர்ந்து நடத்தும் லீக் ஒன்று 1956இல் தொடங்கியதாம், இன்று அதில் நூறு குழுக்களுக்கு மேல். ஐந்தாறு வயதுச் சின்னதுகளும் பதினெட்டு வயது இளைஞர்களும் ஒரே குழுவில் இருக்கிறார்கள். போட்டியில் மட்டும் வயதுப் பிரிவு பார்க்கிறார்கள்: எட்டும் அதற்குக் கீழும், பிறகு இரண்டிரண்டு வயதாகப் பதினான்கு வரை, கடைசியில் பதினெட்டு வரை. சின்னப் பிரிவுக்குத் தடாகத்தின் நீளம் ஒன்று, 25 மீற்றர். பெரியவர்களுக்கு 50.

காலையில் பயிற்சி. மகள் வேலைக்குப் போவதால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவது என் பொறுப்பு. நீ உடற்கல்வி படிப்பித்தவள், உனக்குத்தான் இதன் அருமை விளங்கும். ஒரே தடத்தில் ஐந்தாறு பிள்ளைகள் இறங்குகிறார்கள். ஒருவர் புறப்பட்டு ஐந்து செக்கன் கழித்து அடுத்தவர். போகும்போதும் வலப்பக்கம், வரும்போதும் வலப்பக்கம், தடத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். ஒருவரும் மோதுவதில்லை, ஒருவரும் கரையில் நின்று குளிரில் நடுங்குவதில்லை. நம் பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு பேர் ஓட, நாற்பது பேர் மர நிழலில் உட்கார்ந்திருந்ததை நினைத்துப் பார். புதிதாக வந்த சின்னதுகளுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்து மூச்சு விடுவதில் தொடக்கம். பிறகு பலகையைப் பிடித்துக் கால் அடிப்பது. கை வீசுவது கடைசியில்தான் வருகிறது. அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது யார் என்று நினைக்கிறாய்? தலைமைப் பயிற்சியாளர் ஒருவர் இருக்கிறார், ஆனால் பக்கத்தில் தண்ணீருக்குள் நின்று வயிற்றைத் தாங்கிப் பிடிப்பவர்கள் அதே குழுவின் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள். அவர்களும் ஒரு காலத்தில் அப்படித் தாங்கிப் பிடிக்கப்பட்டவர்கள்தான். இடி ஒருமுறை கேட்டால் போதும், எல்லோரும் தண்ணீரை விட்டு வெளியே வரவேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை யாருக்கும் தண்ணீர் இல்லை. யாரும் வாதாடுவதில்லை.

சனிக்கிழமை காலையில் போட்டி. நம் பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியைப் போல வருடத்துக்கு ஒரு நாள் கூடாரம் கட்டி, வாழை நட்டு, மாலையில் பரிசோடு முடிந்துபோவதில்லை. கிழமைக்கு ஒரு குழு, ஒருமுறை நம் தடாகத்தில், ஒருமுறை அவர்கள் தடாகத்தில். ஒவ்வொரு போட்டிக்கும் இரு பக்கமும் மூன்று பேர். முதலாவதாக வந்தால் 5 புள்ளி, இரண்டாவதுக்கு 3, மூன்றாவதுக்கு 1. நான்கு வகை நீச்சலும் முடிந்த பிறகு, ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தொடரும் அஞ்சல் நீச்சல். அதில் வென்ற பக்கத்துக்கு 5, தோற்ற பக்கத்துக்கு ஒன்றுமில்லை. அந்தக் கட்டத்தில் கரையில் நிற்பவர்கள் போடும் சத்தத்தை நீ கேட்டிருக்க வேண்டும். அஞ்சலோட்டத்தில் நீ கோலை என் காலில் போட்ட அந்த வருடம் நம் கொக்கு மிஸ் போட்ட சத்தத்துக்கு அது கொஞ்சமும் குறைந்ததல்ல.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது சத்தம் அல்ல. இவ்வளவையும் நடத்துவது சம்பளக்காரர் அல்ல, பெற்றோர். அழைக்கும் நேரத்துக்குச் சின்னப் பிள்ளைகளை வாங்குகளில் வரிசையாக உட்காரவைப்பதே ஒரு தாயின் முழு வேலை. பிள்ளைகளின் கையில் மையால் எண்கள் எழுதியிருக்கிறது: எத்தனையாவது போட்டி, எந்தச் சுற்று, எந்தத் தடம். எழுத்து வாசிக்கத் தெரியாத பிள்ளைகூட அந்த எண்ணைக் காட்டித் தன் இடத்துக்குப் போய் நிற்கிறது. தவளை நீச்சலில் சுவரை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் தொடவேண்டும். ஒரு கை முந்தினால் ஓரத்தில் நிற்கும் நடுவர் கையை உயர்த்துவார், நீச்சல் கணக்கில் சேராது. ஆறு வயதுக்கும் அதே சட்டம். முதலில் எனக்கு மனம் பொறுக்கவில்லை. பிறகு பார்த்தேன், பயிற்சியாளர் பிள்ளையின் முன்னால் குந்தியிருந்து இரண்டு கையையும் பிடித்து எப்படித் தொடுவது என்று காட்டிக்கொண்டிருந்தார். அடுத்த சனிக்கிழமை அந்தப் பிள்ளை சரியாகத் தொட்டது. சட்டத்தைத் தளர்த்தாமலே பிள்ளையிடம் அன்பாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

என்னிடமும் ஒரு நிறுத்தற் கடிகாரத்தைத் தந்தார்கள். ஒரு தடத்துக்கு மூன்று பேர், மூன்று கடிகாரம். இரண்டு ஒத்துவந்தால் அதுவே நேரம், மூன்றும் வேறாக இருந்தால் நடுவில் உள்ளதை எடுப்பார்கள். தொடக்கக் கருவி ஒலியோடு சேர்த்து ஒரு வெளிச்சத்தையும் அடிக்கும். ஒலியைக் கேட்டு அமுக்கக் கூடாது, வெளிச்சத்தைப் பார்த்து அமுக்கவேண்டும். ஏனென்று நீயே கணக்குப் பார். ஒலி ஒரு செக்கனில் 340 மீற்றர் அளவுதான் போகும். தடாகத்தின் அந்த முனையிலிருந்து நம் காதுக்கு வருவதற்குள் நூறில் ஏழு பங்கு செக்கன் போய்விடுகிறது. பிள்ளைகள் வெல்வதும் தோற்பதும் நூறில் ஒரு பங்கில். ஒரு பிள்ளையின் உழைப்பைச் சரியாக அளந்து கொடுப்பது எவ்வளவு பெரிய மரியாதை என்று அங்கே நின்றபோது நினைத்தேன்.

இப்போது நான் சொல்லவந்த இடத்துக்கு வருகிறேன். சனிக்கிழமையில் ஒரு பக்கத்துக்கு மூன்று பேர் என்றால் மற்றப் பிள்ளைகள்? அவர்களுக்காகக் கிழமை நாளில், மாலையில், இன்னொரு போட்டி. அதில் குழுக்களுக்குப் புள்ளி இல்லை, வெற்றி தோல்வி இல்லை, ஆனால் நடுவர், கடிகாரம், கையில் எழுதிய எண் எல்லாம் உண்டு. 25 மீற்றரை மூச்சு வாங்கி வாங்கிக் கடக்கிற பிள்ளைக்கும் அங்கே ஒரு தடம் இருக்கிறது, மூன்று பேர் கடிகாரத்தோடு காத்து நிற்கிறார்கள். கரையேறியதும் அந்தப் பிள்ளை கேட்பது தன் நேரம் என்ன என்பதைத்தான். எத்தனையாவதாக வந்தேன் என்று கேட்பதில்லை. போன கிழமை நேரம் அதற்கு மனப்பாடம். பேத்தி அப்படிப்பட்ட ஒருத்திதான். குழுவில் முன்னுக்கு வரக்கூடியவள் அல்ல, ஆனால் நான் புறப்படுவதற்குள் நடுவில் நிற்காமல் மறுகரை தொட்டுவிட்டாள்.

மச்சாள், நமக்கும் நீச்சலில் பெருமை இல்லையா? நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். ஆனந்தன் 1971இல் போய்த் திரும்பியும் வந்தார், 1984இல் ஆங்கிலக் கால்வாயில் உயிரையே விட்டார். அவர்களைப் பற்றிப் பேசும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறது. ஆனால் 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவில் குடியிருந்துகொண்டு, நம் தெருவில் எத்தனை பிள்ளைகளுக்கு மிதக்கத் தெரியும்? முதலாவது வருபவரைத் தோளில் தூக்க நமக்குத் தெரியும். எல்லோரையும் தண்ணீரில் இறக்கிப் பழக்கத்தான் தெரியவில்லை.

நீ இப்போது என்ன யோசிக்கிறாய் என்று தெரியும். 2004 சுனாமிக்குப் பிறகு நீ கடற்கரைப் பக்கம் போனதில்லை. பேரப்பிள்ளைகளையும் விடுவதில்லை. உன் வீட்டில் அலை கொண்டுபோனவளின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து நாம் எத்தனை மார்கழி பேசாமல் இருந்திருக்கிறோம். அந்த அலைக்கு நீச்சல் தெரிந்தவரும் ஒன்றுதான், தெரியாதவரும் ஒன்றுதான். கடலிலேயே வாழ்ந்தவர்களைக் கொண்டுபோன அலை அது. நீந்தத் தெரிந்திருந்தால் அவள் இருந்திருப்பாள் என்று யாராவது சொன்னால் நம்பாதே, நானும் சொல்லமாட்டேன். ஆனால் நம் பிள்ளைகளைத் தண்ணீர் எடுப்பது பெரும்பாலும் அப்படி வந்து அல்ல. கிணற்றடியில், வாய்க்காலில், குளத்தில், விடுமுறைக்குக் குளிக்கப் போன இடத்தில். உலகத்தில் 2021இல் மட்டும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் பத்தில் ஒன்பது பேர் நம்மைப் போன்ற வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில். அந்தச் சாவுகளைத் தடுக்க முடியும். தண்ணீரிடமிருந்து பிள்ளைகளை ஒளித்துவைத்து மட்டும் தடுக்க முடியாது, அதுவும் நம் ஊரில்.

ஆகவே என் யோசனை இதுதான். இந்த ஆகஸ்ட் விடுமுறையில் பழக்கம் மட்டும், கிழமைக்கு மூன்று காலை. வாவி வேண்டாம், முதலை இருக்கிறது. கல்லடிக் கடலும் வேண்டாம், அதன் இழுப்பு உனக்குத் தெரியும். ஆழமில்லாத தடாகம் ஒன்றைக் காலை வேளைக்குக் கேட்டிருக்கிறேன், பதில் சாதகமாக இருக்கும் போலிருக்கிறது. ஒரு தடாகப் பொறுப்பாளர் முதலில் முகத்தைச் சுளித்தார், பெயர் வேண்டாம். உயிர்காப்பாளர் இல்லாமல் ஒரு பிள்ளையையும் இறக்குவதில்லை, அதில் மாற்றுப் பேச்சே கிடையாது. தடங்களைப் பிரிக்க வலைக்கடையில் நைலோன் கயிறும் மிதப்பும் வாங்கிக் கோத்துவிடலாம். மல்லாந்து நீந்துகிற பிள்ளை சுவரில் தலையை மோதாமல் இருக்க, முனைக்கு 5 மீற்றர் முன்னால் மேலே கொடித் தோரணம் கட்டவேண்டும். இல்ல விளையாட்டுக்குக் கட்டிய கொடிகள் உன் பள்ளிக்கூடக் களஞ்சியத்தில் கிடக்குமே. பாய்ந்து தொடங்குவது கிடையாது, ஆழம் போதாது. எல்லோரும் தண்ணீருக்குள் சுவரைப் பிடித்தபடியே புறப்படட்டும்.

பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம், பெண் பயிற்சியாளர். கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடிய நீச்சல் உடை அங்கே சில பிள்ளைகள் போட்டிருந்தார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. காத்தான்குடியிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் முஸ்லிம் தாய்மார் பிள்ளைகளை அனுப்பவேண்டுமென்றால் இதை முதல் நாளே சொல்லிவிடவேண்டும், பிறகு சேர்த்துக்கொள்வதாக இருக்கக் கூடாது. இந்த விஷயத்தில் உன் சொல்லுக்கு உள்ள மதிப்பு என் சொல்லுக்கு இல்லை. அங்கே பாதித் தாய்மார் உன்னிடம் படித்தவர்கள்.

ஏப்ரல் விடுமுறையில் ஒரு போட்டி, சித்திரை வருடத்துக்கு முன். வாடைக்காற்றும் மழையும் ஓய்ந்திருக்கும். கல்முனைப் பக்கத்துப் பிள்ளைகள் ஒரு குழு, நம் பக்கத்துப் பிள்ளைகள் ஒரு குழு. முதல் போட்டிக்குப் புள்ளி வேண்டாம் என்பது என் கட்சி. நீ புள்ளி இல்லாமல் போட்டியா என்று துள்ளுவாய், துள்ளு. ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் ஆகஸ்ட் நேரமும் ஏப்ரல் நேரமும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டவேண்டும். அதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

உன்னிடம் கேட்பது ஒன்று. பிரதம நேரக்கணிப்பாளராக நீ வரவேண்டும். தண்ணீரில் இறங்கவேண்டாம், கரையிலேயே நாற்காலி போட்டுத் தருகிறேன், முழங்காலுக்கும் நல்லது. தாய் தகப்பன்மாரைப் பிடித்துக் கடிகாரம் பழக்குவது உன் வேலை. ஓட்டப் போட்டியில் வெடிச் சத்தத்தைக் கேட்காதே, புகையைப் பார் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவளே நீதான். பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. தண்ணீரில் விடுவதா வேண்டாமா என்பதை அங்கே வந்து பார்த்த பிறகு நீயே முடிவு செய், நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

உன் பெரியவனுக்கு மாற்றம் கிடைத்ததாக அறிந்தேன், சந்தோஷம். சின்னக்காவின் மகளுக்குக் கேட்ட இடம் எனக்குப் பிடிக்கவில்லை, அதற்குக் காரணம் நேரில் சொல்கிறேன். மகள் உனக்கென்று இரண்டு நிறுத்தற் கடிகாரம் வாங்கித் தந்திருக்கிறாள். வருகிற புதன்கிழமை கல்முனைக்கு ஒரு வேலையாக வருகிறேன், பத்து மணி பஸ்ஸில் இறங்குவேன். மதியச் சாப்பாடு உன் வீட்டில்தான். கணவாய் கிடைத்தால் வாங்கி வை, உறைப்பைக் குறைத்துப் போடு.

அன்புடன்,
உன் மச்சாள்