200 மீட்டருக்கு மேல் தோண்டாதீர்கள்: கடலூர்ப் புறநகர்ச் சாலைப் பணிகள் பற்றி ஒரு திறந்த மடல்

கடலூர் மாநகராட்சிப் பொறியாளர்களுக்கும், மாநில நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர்களுக்கும், போக்குவரத்துக் காவல் பிரிவினருக்கும்,

வணக்கம்.

ஒரு புறநகர்ச் சாலையைப் பெயர்த்து அடித்தளத்திலிருந்து புதிதாகப் போடும்போது நெரிசல் வரத்தான் செய்யும். அதை மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஜேசிபி ஒரே மூச்சில் தோண்டிப்போட, ஜல்லியும் ரோலரும் வாரக்கணக்கில் வராமல் கிடப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆகவே எங்கள் முதல் கோரிக்கை இது: ஒரு நேரத்தில் 200 மீட்டருக்கு மேல் தோண்டாதீர்கள். அந்த 200 மீட்டரில் ஜல்லி அடுக்குகள் முடிந்து, முதல் தார் அடுக்காவது விழுந்து, வண்டிகள் ஓடத் தொடங்கிய பிறகே அடுத்த துண்டில் கை வையுங்கள். வாய்வார்த்தையாக விடாமல் ஒப்பந்தத்திலேயே இதை எழுதுங்கள்.

200 என்பதற்குக் கணக்கு உண்டு. 7 மீட்டர் சாலையில் பாதியைத் தோண்டினால் மிச்சம் 3.5 மீட்டர். டவுன் பஸ்ஸின் அகலமே ஏறத்தாழ 2.5 மீட்டர். எனவே ஒரு பக்கத்தை நிறுத்தித்தான் மறுபக்கத்தை விட முடியும். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் ஒரு கிலோமீட்டரைக் கடக்க 4 நிமிடம். கடைசி வண்டி வெளியே வரும்வரை எதிர்ப்பக்கம் யாரும் நகர முடியாது. இரு திசைக்கும் சேர்த்து ஒவ்வொரு சுற்றிலும் 8 நிமிடம் வீணாகிறது. துண்டு 200 மீட்டராக இருந்தால் ஒரு திசைக்கு 48 விநாடி, இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். நேரான சாலையில் இரு முனைகளிலும் கொடி பிடிப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவும் முடியும். வளைவு இருந்தால் வாக்கி டாக்கி கொடுங்கள். மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனைக்குப் போகும் 108 வண்டி வந்தால் உள்ளே எத்தனை வண்டி நிற்கிறது என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பாதிப் பாதியாகப் போடுவதில் ஒரு பலவீனம் உண்டு: நடுவில் வரும் இணைப்பு. முதலில் போட்ட பாதியின் ஓரம் ஆறி, ஜல்லி உதிர்ந்து நிற்கும்போது அதன்மேல் புதுத் தாரை ஒட்டினால், முதல் மழையிலேயே அந்தக் கோட்டின் வழியே தண்ணீர் இறங்கும். ஓரத்தைச் செங்குத்தாக வெட்டி, பெருக்கி, டேக் கோட் (அடுக்குகளை ஒட்டவைக்கும் மெல்லிய தார்ப் பூச்சு) பூசிய பிறகே அடுத்த பாதி விழ வேண்டும். மேலடுக்கின் இணைப்பு கீழடுக்கின் இணைப்புக்கு நேர் மேலே வராமல் ஒரு சாணாவது தள்ளியிருக்கட்டும். இரண்டு பாதிகளுக்கும் இடையே உயர வேறுபாடு இருக்கும் நாட்களில் அந்த ஓரத்தில் கிராவல் சரிவு அமைத்து, ஒளியை எதிரொளிக்கும் தடுப்புகளை வையுங்கள். கருங்கல்லை வரிசையாக வைப்பது தடுப்பாகாது. இரவில் பைக்கில் வருபவரைச் சாய்ப்பதே அந்தக் கற்கள்தான்.

சாலை போட்ட சில மாதங்களில் குடிநீர்க் குழாய்க்காகவும், பாதாள சாக்கடைக்காகவும், மின்வாரியக் கேபிளுக்காகவும் மீண்டும் வெட்டுவதை எல்லோரும் திட்டுகிறோம். திட்டினால் நிற்காது, குழாய்க்கு வழி முதலிலேயே இருந்தால்தான் நிற்கும். அடித்தளம் போடும்போதே 50 மீட்டருக்கு ஒன்றாக, சாலைக்குக் குறுக்கே 150 மி.மீ. காலிக் குழாய் இரண்டைப் புதைத்து, இரு முனைகளையும் மூடி, சாலையோரத்தில் அடையாளக் கல் நடுங்கள். பின்னால் வரும் இணைப்புகள் அதன் வழியே போகும். இதற்கு ஆகும் செலவு, தார் அடுக்கை வெட்டி ஒட்டும் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.

ஏற்கெனவே வெட்டிய பள்ளத்தை மூடும் விதம்தான் எங்களை அதிகம் வருத்துகிறது. ஒன்றரை மீட்டர் பள்ளத்தில் எடுத்த மண்ணை மொத்தமாகத் தள்ளி, மேலே ஜேசிபி வாளியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறார்கள். மேலே அரை அடி இறுகும், கீழே பொதபொதவென்றுதான் இருக்கும். பஸ்ஸும் லாரியும் ஓட ஓட அது அமுங்கி, சாலை நெடுகப் பள்ளம் விழுகிறது. 15 செ.மீ. அடுக்காக, பத்து அடுக்கு. ஒவ்வொன்றுக்கும் ஈரம் பார்த்து, சிறிய அதிர்வு இயந்திரத்தால் இறுக்க வேண்டும். கெடிலம், தென்பெண்ணைக் கரைகளை ஒட்டிய வண்டல், மணல் பகுதிகளில் சீக்கிரமே நீர் ஊறும், பள்ளத்தின் சுவரும் சரியும். பலகை முட்டுக் கொடுத்து, நீரை இறைத்துவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். சேற்றோடு மூடிய பள்ளம் எத்தனை பேட்ச் போட்டாலும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

அடுத்தது மட்டம். பழைய சாலையைச் சுரண்டாமல் 50 மி.மீ. ஓர் அடுக்கும் 40 மி.மீ. ஓர் அடுக்கும் போட்டால் சாலை 9 செ.மீ. உயரும். இரண்டு முறை இப்படிப் போட்டால் வீட்டு வாசற்படியில் ஒன்று மறைந்துவிடும், மழைநீர் வீட்டுக்குள் திரும்பும். பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார். முழுதும் பெயர்த்துப் போடும் வேலையில் இதைப் பின்பற்றுவது இன்னும் எளிது, எவ்வளவு ஆழம் எடுப்பது என்பது உங்கள் கையில்தானே இருக்கிறது! வேலைக்கு முன் 20 மீட்டருக்கு ஒரு மட்டம் எடுத்து, வீட்டுச் சுவரிலோ மின்கம்பத்திலோ பெயிண்டால் குறியுங்கள். முடிந்தபின் மக்களே பார்த்துக்கொள்வார்கள். நடுமேடு 2.5 சதவீதம் என்றால் 7 மீட்டர் சாலையின் நடுப்பகுதி ஓரத்தைவிட ஏறத்தாழ 9 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். ஒரு நூலும் அளவுகோலும் இருந்தால் இதைச் சரிபார்க்கலாம்.

வடிகாலைச் சாலைக்கு முன்னால் கட்டுங்கள். அதுவும் நீர் போய்ச் சேரும் முனையிலிருந்து மேல்நோக்கிக் கட்டுங்கள். மேலிருந்து தொடங்கினால் கடைசியில் மட்டம் கிடைக்காமல், வடிகால் நீளமான தொட்டியாக நின்றுவிடும். நம் ஊர் தட்டையானது: 500-க்கு 1 சரிவு கொடுத்தால்கூட அரைக் கிலோமீட்டரில் ஒரு மீட்டர் ஆழம் இறங்க வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் வந்தபோது கரையோரக் குடியிருப்புகளில் புகுந்ததைப் பார்த்தோம். ஆற்றில் முடியும் வடிகால்களுக்கு, வெள்ளம் எதிர்த்து ஏறாதபடி தானே மூடிக்கொள்ளும் கதவு தேவை.

நாட்காட்டியும் இந்த வேலையில் ஒரு கருவி. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்குள் மேல் தார் அடுக்கு முடியாத துண்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது. அதனால் டெண்டர் வேலைகளை மழைக்காலத்தில் முடித்து, பொங்கல் கழிந்ததும் தோண்டத் தொடங்குங்கள். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் போகும் கூட்டமும், வைகாசியில் பாடலீசுவரர் கோயில் தேரும், நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு வண்டிகள் போகும் மாதங்களும் உங்கள் அட்டவணையில் இருக்கட்டும். தார்க்கலவை ஏற்றிய லாரி நெரிசலில் சிக்கினால் சாலைக்கும் கேடு: விரிக்கும்போது கலவை 140 டிகிரி செல்சியசுக்குக் குறையக் கூடாது, 90-க்குக் கீழ் ஆறுவதற்குள் ரோலர் வேலை முடிய வேண்டும். காலை 8 முதல் 10 வரையும் மாலை 4 முதல் 6 வரையும் கலவை லாரி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றுப்பாதை என்று ஓர் அம்புக்குறியைத் தோண்டிய இடத்திலேயே நட்டால் பயனில்லை. திரும்ப முடியாத இடத்துக்கு லாரி வந்து சேர்ந்துவிடும். ஆல்பேட்டை, செம்மண்டலம் போன்ற சந்திப்புகளிலேயே கனரக வண்டிகளைப் பிரித்துவிடுங்கள். பைக்குக்கும் ஆட்டோவுக்கும் தெரு வழி, லாரிக்கும் பஸ்ஸுக்கும் வேறு வழி என்று இரண்டு பலகைகள் வேண்டும். குடியிருப்புத் தெருவில் லாரியை விட்டால் சாக்கடைமேல் போட்ட சிலாப் உடையும், தாழ்ந்த கேபிள் அறும். அந்தத் தெருவைச் சரிசெய்யும் செலவையும் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு துண்டின் இரு முனைகளிலும் ஒரு பலகை வையுங்கள். தோண்டிய தேதி, மூட வேண்டிய தேதி, எத்தனை அடுக்கு, ஒவ்வொன்றின் கனம் எவ்வளவு, களப் பொறியாளரின் அலுவலகத் தொலைபேசி எண் ஆகியவை அதில் இருக்கட்டும். மூட வேண்டிய தேதி தாண்டினால் அடுத்த துண்டுக்கு அனுமதி கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
கடலூர்ப் புறநகர்வாசிகளும், சாலைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர்களும்