முதல் மொட்டை எந்தக் கோவிலில்?

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அப்பாவும் தம்பியும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, நடக்கத்தான் மாட்டேன் என்கிறார். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். நீயும் மீட்டிங், பையன் அழுகிறான் என்று வைத்துவிடுகிறாய். இது அப்படி அவசரத்தில் பேசுகிற காரியம் இல்லை.

பங்குனி உத்திரத்துக்கு நம்ம கோவிலிலேயே அவனுக்கு மொட்டை போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். பெங்களூருக்குப் போய் இத்தனை வருடம் ஆகியும் ‘நம்ம கோவில்’ என்று எழுதுகிறாளே என்று மனசு நிறைந்துதான் போனது. ஆனால் இது முதல் மொட்டை அல்லவா? முதல் முடி அப்பா வழிக் குலசாமிக்கு. உனக்கு எங்கே இறக்கினோம்? தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் முன்னால், மாமா மடியில் உட்காரவைத்து. தம்பிக்கும் அங்கேதான். இருக்கன்குடி மாரியம்மனுக்கு உங்கள் இரண்டாவது முடிதான் போனது. என்னைப் பெற்றவளுக்கு அதில் வருத்தம் இருந்திருக்கும், ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முறை தெரிந்தவள்.

சம்பந்தி வீட்டுக் குலசாமிக்கு மாசி சிவராத்திரிதான் பெரிய நாள். உசிலம்பட்டியிலிருந்து பாப்பாபட்டி ஒச்சாண்டம்மனுக்குச் சாமிப் பெட்டி போகிறதை நீ கல்யாணமான புதிதில் படம் எடுத்து அனுப்பியிருந்தாய். அந்தக் கூட்டத்தில் உன் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்து அப்பாவிடம் காட்டினேன். இந்த வருடம் படம் எதுவும் வரவில்லை. சம்பந்தியம்மாவுக்கு நானே போன் பண்ணினேன். எல்லாரும் நலம், கூட்டம் ஜாஸ்தி என்றார்கள். நீங்கள் போயிருந்தீர்களா என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. லீவு கிடைத்திருக்காது. சரி.

உன்னைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எந்தச் சாமிக்கு எதற்குப் போகிறோம் என்பதை உனக்கு நான் உட்காரவைத்துச் சொன்னதில்லை, கூடவே வந்து பார்த்துக்கொண்டாய். மற்ற கோவில்களை நம் குறைதான் காட்டும். கண்ணில் கோளாறு என்றால் இருக்கன்குடி. ஒருவன் ஏமாற்றிவிட்டான், கேட்க நாதியில்லை என்றால் ஆனைமலை மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசப் போகிறார்கள். குலசை தசராவுக்கு வேஷம் கட்டுகிறவர்கள் நேர்ந்துகொண்டு கட்டுகிறார்கள். திருச்செந்தூருக்கு ஒரு காரணமும் வேண்டாம், மனசு நினைத்தால் பஸ் ஏறிவிடலாம். குலசாமி அப்படி இல்லை. குறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருடத்தில் ஒருநாள் அங்கே போய் நிற்க வேண்டும். திருப்பதிக்குப் போவதென்றால்கூட முதலில் குலசாமிக்கு ஒரு காசு மஞ்சள் துணியில் முடிந்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். நீங்கள் போன தடவை திருப்பதி போனபோது முடிந்தாயா? கேட்டால் கோபப்படுவாய். ஒரு ரூபாய் போதும், முடிந்து வை.

பின்தெருவில் சிலோன்கார ஆச்சி வீடு தெரியுமே. 1964-ல் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். நான்கு தலைமுறை அங்கேயே இருந்துவிட்டதால் குலசாமி எது என்றே தெரியவில்லை. வந்த பிறகு அந்த ஆச்சி எப்படித் தேடினாள் தெரியுமா? முதலில் வீட்டு ஆண்களின் பழைய பெயர்களை எல்லாம் எழுதிப் பார்த்தாள், எந்தப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று. கற்குவேல், சுடலை, இசக்கி என்று இந்தப் பக்கத்தில் சாமி பெயரைத்தானே பிள்ளைக்கு வைப்பார்கள். அப்புறம் யார் யார் பங்காளி என்று கேட்டு ஊர் ஊராகப் போனாள். சாமியாடியிடம் குறி கேட்டாள். தங்கள் சாஸ்தா, அதாவது குலசாமியான அய்யனார், எது என்று தெரியாதவர்களுக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் என்று யாரோ சொல்ல, ஆடி அமாவாசைக்கு மலை ஏறிப் போய் அழுதுவிட்டு வந்தாள். ஒரு வீட்டுக்குத் தன் சாமி தெரியாமல் போவது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று அவளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். உன் பையனுக்கு அந்த நிலைமை இல்லை. அவனுக்கு அப்பா வழியில் ஒரு சாமி, அம்மா வழியில் ஒரு சாமி, இரண்டும் கண்ணுக்குத் தெரிய இருக்கின்றன. அதை நினைத்துத்தான் சொல்கிறேன், முதல் முடியை அவசரப்பட்டு இடம் மாற்ற வேண்டாம்.

அவர்கள் கிடா வெட்டுகிறவர்கள், நாம் சைவப் படைப்பு என்று கல்யாணத்தின்போது பெரியப்பா ஒரு பேச்சை எடுத்தாரே, அது இன்னும் உன் மனசில் கிடக்கிறதோ? அதற்கு அர்த்தமே இல்லை. பல சாஸ்தா கோவில்களில் சுடலைக்குக் கிடா வெட்டும்போது அய்யனார் முன்னால் ஒரு திரையைப் போட்டு மறைத்துவிடுகிறார்கள். ஒரே வளாகத்தில் இரண்டும் நடக்கிறது. மாப்பிள்ளையும் அன்று பெரியப்பாவுக்கு எதிரே ஒரு வார்த்தை பேசாமல் நின்றார், அந்தப் பொறுமையை நான் மறக்கவில்லை. நல்ல பையன். நல்ல பையன்தானே?

விருத்தாசலம் பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோவில் இருக்கிறது. அங்கே பிராது கட்டுவார்கள். வெள்ளைத் தாளில் நம் குறையைச் சாமி பேருக்கு மனுவாக எழுதிக் கட்டிவிட்டு வரவேண்டும். காரியம் தீர்ந்ததும் திரும்பப் போய் அந்தப் பிராதை ராஜினாமா செய்ய வேண்டும், மறக்கக் கூடாது. அம்மா அப்பாவிடம்கூடச் சொல்ல முடியாததை எழுதலாம், யாரும் என்ன ஏது என்று கேட்க மாட்டார்கள். பொதுவாகத்தான் சொல்கிறேன். போக வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் நான் கூட வருகிறேன். நீ எழுதும்போது தள்ளி நின்றுகொள்வேன்.

அப்பாவுக்கே தெரியாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து கற்குவேல் அய்யனாரைத்தான் கும்பிடுகிறேன். கார்த்திகையில் அங்கே நடக்கிற கள்ளர்வெட்டுத் திருவிழாவுக்குப் போய்ச் செம்மண் எடுத்து வந்து வீட்டில் வைப்பதும் நான்தான். ஆனால் கடுகு டப்பாவுக்கு அடியில் இருக்கன்குடிக்கு என்று ஒரு முடிச்சு எப்போதும் இருக்கும். ஒரு தடவை அது உன் அப்பாவைப் பெற்ற ஆச்சி கையில் கிடைத்துவிட்டது. பயந்துபோனேன். அவள் தன் இடுப்பிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து அதோடு சேர்த்து முடிந்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். அவளும் பக்கத்து ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள்தானே, அவளுக்கு என்று ஒரு பேச்சியம்மன் அங்கே இருந்தாள். கட்டிக்கொடுத்தால் பெண்ணுக்குச் சாமி மாறிவிடும் என்று ஊரே சொல்லும், நானும் மேலே அதைத்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் எனக்கு மாறவில்லை. ஒன்று கூடியது, அவ்வளவுதான். காய்ச்சலில் நீ தூக்கிப் போட்டபோது என் வாயில் முதலில் வந்தது இருக்கன்குடியாள் பெயர்தான்.

அதனால் நீ வா. உத்திரத்துக்குக் கட்டாயம் வா. மொட்டை பற்றி மாப்பிள்ளையிடமும் சம்பந்தியம்மாவிடமும் ஒரு வார்த்தை கேள். அவர்கள் சம்மதித்தால் இங்கேயே இறக்கிவிடலாம், தம்பி மடி காத்திருக்கிறது. கேட்க முடியாத நிலைமை என்றால் அதை எனக்கு மட்டும் எழுது. அப்போது மொட்டை பேச்சை விட்டுவிட்டுச் சும்மா பொங்கல் வைத்துக் கும்பிடுவோம். அப்பாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மைசூர்–தூத்துக்குடி ரயிலில் உத்திரத்துக்குச் சீக்கிரம் இடம் நிரம்பிவிடும், இன்றே போடு. பையனுக்கு வெயிலுக்குத் தொப்பி எடுத்து வா, தேரி மணல் சுடும், செருப்பும் வேண்டும். எத்தனை டிக்கெட் என்று மறக்காமல் எழுது. படைப்புக்கு அரிசி அளக்க வேண்டும், வேனுக்கும் ஆள் கணக்குச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அம்மா