க்ரீம் இருக்கட்டும், முதலில் மணியைப் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தோம். முழங்கை மடிப்பில் சொரிந்து சொரிந்து தோல் கருத்துத் தடித்துப் போயிருக்கிறது, அம்மா அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டையே தொடவில்லை. எந்த க்ரீம் நல்லது என்று கேட்டிருந்தாய். அதைத் தோல் டாக்டர் சொல்லட்டும், ஃபார்மசியில் கிடைக்கும் ஸ்டீராய்டு க்ரீமை வாங்கி இஷ்டத்துக்குத் தடவாதே. ரப்பர் தோட்ட டிஸ்பென்சரியில் அத்தனை வருஷம் காயத்துக்கு மருந்து கட்டும் டிரஸராக இருந்தவன் சொல்கிறேன், அது முதலில் நன்றாகத்தான் கேட்கும், அப்புறம் தோலை மெலிய வைத்துவிடும்.

நான் எழுத வந்தது உன் நைட் ஷிஃப்ட் பற்றி. கண் நரம்புகள் குறுக்கே போகும் இடத்துக்குச் சற்று மேலே, மூளைக்குள் உடம்பின் தலைமைக் கடிகாரம் இருக்கிறது. நம் தோட்டத்தில் வேலைக்குப் போகுமுன் எல்லாரும் கூடும் பெரட்டில் கங்காணி பேர் சொல்லி வேலை பிரித்துக் கொடுப்பாரே, அந்த மாதிரி, கண்ணில் படும் வெளிச்சத்தைப் பார்த்து அது கல்லீரலுக்கும் குடலுக்கும் தோலுக்கும் நேரம் சொல்கிறது. தோலின் செல்களுக்குள்ளும் தனிக் கடிகாரம் ஓடுகிறது. இதை ஓட்டும் மரபணுக்களைப் பழ ஈயில் கண்டுபிடித்ததற்குத்தான் ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. ராத்திரியானால் தோல் வழியாக ஈரம் அதிகம் வெளியேறும், அரிப்பும் ஏறும். உனக்கு அந்த நேரத்தில் ஏர்கோன் குளிரில் நின்றுகொண்டு வேலை வேறு.

அதே 2017இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக்காரர்கள் தீக்காய நோயாளிகளின் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பகலில் சுட்டுக்கொண்டவர்களுக்குச் சராசரி 17 நாளில் ஆறியது, ராத்திரியில் சுட்டுக்கொண்டவர்களுக்கு 28 நாள் பிடித்தது. இதைப் படித்ததும் எனக்கு நம் தோட்டத்து ரப்பர் பால் ஸ்டோர்தான் ஞாபகம் வந்தது. பால் உறைய ஊற்றும் ஆசிட் தெறித்து, கையைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார்கள். ரிஜிஸ்டரில் பேர், வயது, காயம், மருந்து எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. எத்தனை மணிக்குப் பட்டது என்பதற்குக் கட்டமே கிடையாது, எங்களுக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

சரி, நீ பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். நைட் ஷிஃப்ட் பார்த்தால் தோல் புற்றுநோய் வரும் என்று உன் கூட்டாளி சொன்னதை அப்படியே நம்பாதே. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007இலும் 2019இலும் இரவு வேலையை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற பட்டியலில் வைத்தது உண்மை, ஆனால் அது பெரும்பாலும் மார்பகம், புரோஸ்டேட், குடல் பற்றியது. அமெரிக்க நர்ஸ்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வருஷத்துக்கு மேல் இரவு ஷிஃப்ட் மாறி மாறிப் பார்த்தவர்களுக்குத் தோல் புற்றுநோய் 14 சதவீதம் குறைவாகவே இருந்தது. பகலில் தூங்கினால் வெயில் படாது, அதுகூடக் காரணமாக இருக்கலாம். இதை வைத்து வேலையை விடவும் வேண்டாம், ஆடவும் வேண்டாம்.

வெயிலில் கெட்டுப்போகும் டிஎன்ஏவைத் தோல் தானே சரிசெய்துகொள்ளும். அந்த வேலையும் மணி பார்த்துத்தான் நடக்கிறது. அஸீஸ் சஞ்சார் என்ற விஞ்ஞானியின் குழு எலிகளுக்குப் புற ஊதா ஒளி காட்டிப் பார்த்தது. சாயங்காலம் நாலு மணிக்குப் பட்டதைவிட விடியற்காலை நாலு மணிக்குப் பட்ட எலிகளுக்குப் புற்றுநோய் ஐந்து மடங்கு வந்தது. எலி ராத்திரியில் நடமாடும் ஜீவன், மனிதருக்கு இது தலைகீழாக இருக்கும், காலையில் நம் தோல் நன்றாகப் பழுது பார்க்கும் என்பது அவர்கள் கணிப்பு. இன்னொரு ஆய்வில் எலிக்கு வேளை கெட்ட வேளையில் தீனி போட்டதும் தோலின் கடிகாரம் இடம் மாறி, அதே ஒளியில் அதிகம் கெட்டது. எலிக்கு நடந்தது உனக்கும் நடக்கும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் கேன்டீனில் ராத்திரி மூன்று மணிக்கு நாசி லெமாக் எதற்கு? வேலைக்குப் போகுமுன் வயிறாரச் சாப்பிடு, வந்ததும் லேசாகப் பசியாறிவிட்டுப் படு.

காலை ஏழரை மணி வெயில் தோலுக்கு ஒன்றும் செய்யாது, தூக்கத்தைத்தான் கெடுக்கும். ஃபேக்டரி பஸ்ஸில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள், அறைக்குக் கனமான திரை மாட்டு. எழுந்ததும் ஒரு மணிக்குத் துணி காயப் போட மாடிக்குப் போகிறாயே, அதுதான் தப்பு. 1982இல் நம் மலேசியக் கடிகாரத்தை இன்னும் அரை மணி முன்னே தள்ளிவிட்டதால் இங்கே உச்சி வெயில் பன்னிரண்டுக்கு இல்லை, ஒன்றேகாலை ஒட்டித்தான். நம் கறுப்புத் தோலுக்குக் காப்பு உண்டுதான், ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தால் உள்ளங்காலிலும் நகத்துக்கு அடியிலும்தான் அதிகம் வரும், குளிக்கும்போது அங்கேயும் பார்.

வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாற்றுவதை நிறுத்த முடியுமா என்று சூப்பர்வைசரிடம் கேள். அலவன்ஸில் சில ரிங்கிட் குறைந்தால் குறையட்டும். டாக்டரிடம் போகும்போது ஷிஃப்ட் அட்டவணையையும் கொண்டு போ, அவர் கேட்காவிட்டாலும் நீயே எடுத்துக் காட்டு.

அப்பா
சுங்கை சிப்புட்