நிலாவும் நிலநடுக்க வதந்தியும்

ஐயா,

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தை 7.8 அளவிலான நிலநடுக்கம் உலுக்கியபோது, அடுத்த பேரதிர்வின் நேரத்தை நாசா கணித்துவிட்டதாகவும், நிலா தலைகீழாகத் தெரிவதே அதற்கு அடையாளம் என்றும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி பரவியது. ‘உடனே அனைவருக்கும் பகிரவும்’ என்ற குறிப்போடு எங்கள் குடும்பக் குழுவுக்கும் அது வந்தது. மொட்டை மாடிக்குப் போய் நிலாவைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். நிலநடுக்கத்தின் நாள், இடம், அளவு ஆகிய மூன்றையும் முன்கூட்டியே சொல்லும் முறை எந்நாட்டு அறிவியலாளரிடமும் இல்லை. பேரதிர்வுக்குப் பின் பின்னதிர்வுகள் தொடர்வது இயல்பே என்றாலும், மே 12 அன்று 7.3 அளவில் நேபாளம் மீண்டும் குலுங்கியதும், வதந்தி பலித்துவிட்டதாகவே எங்கள் குழுவில் சிலர் வாதிட்டனர். எங்கேனும் நிலம் அதிரும் நாள்களில், தேசிய நிலநடுக்க ஆய்வு மையத்தின் தகவலைத் தங்கள் நாளிதழ் முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி