அந்த ஐந்து வாரமும் வீண் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். வெளிநாட்டில் சேவை செய்யப் போகிறேன் என்று கிளம்பும் பிள்ளைகள் நேரே வேலைக்குப் போகாமல், முதுகில் பையை மாட்டிக்கொண்டு நாலு நாடு சுற்றிவிட்டுத்தான் போகிறார்கள், இதெல்லாம் சேவையா என்று கேட்டிருந்தார். ஐயா மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அப்படிச் சுற்றியவர்களில் நானும் ஒருவன் என்பதால் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம். பிசியோதெரபி படித்துவிட்டு வேலூரில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். 2025 ஜனவரியில் கம்போடியாவில் பட்டம்பாங் பக்கத்தில் ஒரு மறுவாழ்வு மையத்துக்கு ஆறு மாதத் தன்னார்வப் பணிக்குக் கிளம்பினேன். கண்ணிவெடியில் கால் போனவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்தி நடக்கப் பழக்கும் இடம் அது. சென்னையிலிருந்து கோலாலம்பூர் வரைக்கும்தான் விமானம். அதற்கு மேல் முழுக்க ரயில், பஸ், படகு. மலேசியா, தாய்லாந்து, லாவோஸ் என்று தரைவழியாகவே ஐந்து வாரம் போய்த்தான் கம்போடியாவுக்குள் நுழைந்தேன். விமான டிக்கெட்டோடு சேர்த்து எனக்கு ஆன செலவு 64 ஆயிரம் ரூபாய், அத்தனையும் என் சம்பளத்தில் சேர்த்தது. மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் அப்போது இந்தியர்களுக்கு விசா தேவைப்படவில்லை, அதனால்தான் இந்தப் பணத்துக்குள் முடிந்தது.

வீட்டில் கம்போடியா என்று சொன்னதுமே அம்மா அழுதுவிட்டார். அழுததில் தப்பே இல்லை. டேட்டா என்ட்ரி வேலை, மாதம் ஆயிரம் டாலர் என்று ஆசை காட்டிக் கூட்டிப்போய், கம்போடியாவிலும் மியான்மரிலும் லாவோஸிலும் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்து வைக்கப்பட்ட தமிழ்ப் பிள்ளைகளின் கதையை 2022-இலிருந்து பேப்பரில் படித்துக்கொண்டுதானே இருக்கிறோம். அதனால் மையத்தின் அழைப்புக் கடிதம், பொறுப்பாளரோடு வீடியோவில் பேசியது, ஏற்கெனவே அங்கே வேலை பார்த்த இரண்டு பேரிடம் விசாரித்தது எல்லாவற்றையும் அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே செய்தேன். கிளம்ப நினைக்கும் தம்பி தங்கைகள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே சேர்ந்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். கம்போடியாவில் சுற்றுலா விசா வேறு, தங்கி வேலை செய்வதற்கு நீட்டிக்கக்கூடிய 'இ' வகை விசா வேறு.

சரி, ஐயா கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்த ஐந்து வாரத்தில் அப்படி என்ன கிடைத்தது?

மலேசியாவில் கெடா மாநிலம் வழியாக ரயில் போனபோது, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த கடாரம் இதுதானா என்று ஜன்னலிலேயே கண்ணை வைத்திருந்தேன். அது தனி சந்தோஷம். பாங்காக்கில் இரண்டே நாள். அங்கிருந்து இரவு ரயில் பிடித்து, மீகாங் ஆற்றைத் தாண்டி லாவோஸ் தலைநகர் வியன்டியன் போய் இறங்கினேன். அந்த ஊரில், கை கால் இழந்தவர்களுக்குச் செயற்கை உறுப்பு கிடைக்க உதவும் கோப் என்ற அமைப்பின் பார்வையாளர் மையம் இருக்கிறது. 1964-இலிருந்து 1973 வரை அமெரிக்கா லாவோஸ் மேல் போட்ட குண்டுகள் 20 லட்சம் டன்னுக்கும் மேல். அவற்றிலிருந்து சிதறிய சிறு குண்டுகளில் ஏறக்குறைய எட்டுக் கோடி வெடிக்காமல் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டன. இன்றைக்கும் வயலில் மண்வெட்டி போடுகிறவருக்கும் விளையாடுகிற குழந்தைக்கும் கை கால் போகிறது. அவரவரே கையால் செய்துகொண்ட பழைய செயற்கைக் கால்களை அங்கே தொங்கவிட்டிருந்தார்கள். மூன்று வருடம் இதே துறையில் வேலை பார்த்த எனக்கு அவற்றின் முன்னால் நின்றபோது பேச்சு வரவில்லை.

அப்புறம் தெற்கு லாவோஸ். மீகாங் கரையில் ஒரு கிராமத்தில் நாலு நாள் ஒரு விவசாயி வீட்டில் தங்கினேன். தூண்கள் மேல் நிற்கும் மர வீடு, ஏறுவதற்கு ஓர் ஆள் உயரத்துக்கு மேல் செங்குத்தான மர ஏணி, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி கிடையாது. நம்மைப் போலவே தரையில் உட்கார்ந்துதான் சாப்பாடு. மூங்கில் கூடையில் அவித்த பசை அரிசிச் சோற்றைக் கையால் உருட்டித் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். சமைப்பது, களையெடுப்பது, வாசலில் பேசிக்கொண்டிருப்பது எல்லாமே குந்திக்கொண்டுதான்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், கம்போடியாவில் என்னிடம் முதலில் வந்தவர் ஐம்பது வயது விவசாயி. முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. புதுக் கால் மாட்டிக்கொண்டு இணைக் கம்பிகளுக்கு நடுவே நன்றாகவே நடந்தார். வேலூரில் என்றால் அடுத்து கைப்பிடி வைத்த சிமென்ட் படிக்கட்டுக்குத்தான் கூட்டிப்போயிருப்பேன். ஆனால் இவர் வீட்டுக்குப் போனால் ஏணி ஏறவேண்டுமே, தரையிலிருந்து எழவேண்டுமே என்று எனக்கு உடனே தோன்றியது, ஏனென்றால் மூன்று வாரத்துக்கு முன்னால்தான் அப்படி ஒரு ஏணியில் நானே தடுமாறியிருந்தேன். அங்குள்ள கம்போடிய சகாக்களுக்கு இது சொல்லித் தெரியவேண்டிய விஷயமே இல்லை. விமானத்தில் நேரே போய் இறங்கியிருந்தால், முதல் ஒரு மாதம் அவர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். உதவி செய்யப் போனவன் அவர்களுக்குச் சுமையாகியிருப்பேன்.

இன்னொன்று. வேலூர்க்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்போம், காந்தி ரோட்டில் மருந்துக் கடை வாசலில் வங்காளத்திலிருந்து சிகிச்சைக்கு வந்த ஓர் அம்மா சீட்டை நீட்டிக்கொண்டு, கடைக்காரர் சொல்வது புரியாமல் நிற்பதை. சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்துப் பழகிப்போய் நான் கண்டுகொண்டதே இல்லை. தெற்கு லாவோஸில் பாக்ஸே என்ற ஊரில் எனக்கு 102 டிகிரி காய்ச்சல் வந்த அன்றைக்கு அதே மாதிரி நான் நின்றேன். லாவோ மொழியில் வணக்கமும் நன்றியும் மட்டும்தான் தெரியும். கடைக்காரப் பெண் பொறுமையாக என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, மாத்திரையை எடுத்து, சூரியனையும் நிலாவையும் தாளில் வரைந்து எத்தனை வேளை என்று காட்டினார். அன்றைக்கு ராத்திரி படுக்கையில் கிடந்தபோது அந்த வங்காளத்து அம்மாக்கள் முகம்தான் வந்தது. கம்போடியாவுக்குள் போனதும் நான் முதலில் கற்றுக்கொண்ட கெமர் வார்த்தை வலிக்கிறதா என்பதுதான்.

ஐயா கவலைப்படுவதில் ஒரு பாதி உண்மை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சேவை என்ற பெயரில் வியாபாரமும் நடக்கிறது. நான் முதலில் அணுகிய ஓர் ஏஜென்சி, கம்போடியாவில் அனாதை இல்லத்தில் இரண்டு வாரம் குழந்தைகளோடு விளையாடலாம் என்று ஒரு லட்சத்துக்கு மேல் கேட்டது. அந்த நாட்டில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வந்து காசு கொடுப்பதாலேயே குழந்தைகளை வீட்டிலிருந்து கொண்டுவந்து சேர்ப்பது அங்கே பெரிய பிரச்சினை. இரண்டு வாரத்துக்கு ஒரு புது அண்ணன், புது அக்கா வந்து கொஞ்சிவிட்டுப் போனால் அந்தப் பிள்ளை மனசு என்ன ஆகும்? நான் மறுத்துவிட்டேன். கண்டிக்க வேண்டியது இதைத்தான், சொந்தக் காசில் பஸ்ஸில் போகும் பிள்ளைகளை இல்லை.

நம் ஊரே வெளியிலிருந்து வந்தவர்களால் பலன் அடைந்த ஊர். 1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தியதோடு நிற்கவில்லை. அந்தக் கையை வைத்துக்கொண்டு அந்த மனிதர் என்ன தொழில் செய்து பிழைப்பார் என்பது வரை யோசித்தார். எங்கள் துறையில் அவரை முன்னோடியாகப் பார்க்கிறோம். ஜனங்கள் எப்படி உட்காருகிறார்கள், எப்படிச் சாப்பிடுகிறார்கள், எதில் ஏறி இறங்குகிறார்கள் என்று பார்க்காதவனுக்கு அந்த யோசனை எங்கிருந்து வரும்?

என் அத்தை மகள் நர்ஸிங் முடித்துவிட்டு இந்த வருடம் நேபாளத்துக்குத் தன்னார்வப் பணிக்குப் போகிறாள். கோரக்பூர் வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ்ஸில் சுனௌலி எல்லை தாண்டி, மூன்று வாரம் மலைக் கிராமங்களில் தங்கிப் பார்த்துவிட்டு வேலையில் சேரவேண்டும் என்பது அவள் ஆசை, கூடவே அவளுடைய தோழியும் போகிறாள். மாமா மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை. ஐயாவின் கடிதத்தைக் கத்தரித்து எடுத்து வைத்திருக்கிறாராம். இந்தக் கடிதத்தையும் நீங்கள் வெளியிட்டால், வரும் ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு ஆம்பூருக்குப் போய் அவரிடம் பேசிப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட்,
குடியாத்தம்.