4 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் ஒரு படம்

உச்சிப்புளி

அன்பு மாப்பிள்ளை,

நலம்தானே? தங்கச்சியும் பிள்ளைகளும் சௌக்கியமா? இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது என்பதால், மண்டபத்திலிருந்து வயர்லெஸ் செட்டும் ஆழம் பார்க்கும் எக்கோ கருவியும் சர்வீசுக்கு வந்து குவிந்து கிடக்கின்றன. பகலில் அதைப் பார்க்கிறேன். ராத்திரியில் வேறொரு வேலை ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அரசு கொடுத்த 14 இஞ்ச் இலவசக் கலர் டிவி எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது, ஞாபகம் இருக்கிறதா? அதில் ஒரு படம் வரவைத்துவிட்டேன். எண்ணுவது, ஒப்பிடுவது போன்ற சின்ன வேலைகளைச் செய்யும் 74 வரிசை ஐசிகள், படத்தைப் பதிந்துவைக்க ஒரு 2764 ஈப்ராம் நினைவகம், கொஞ்சம் ரெசிஸ்டர், அவ்வளவுதான் சாமான். மைக்ரோகன்ட்ரோலர் எதுவும் வைக்கவில்லை. ஒவ்வொரு கம்பியிலும் என்ன நடக்கிறது என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

நம் ஊர் டிவி முறையில் ஒரு வரி வரைய 64 மைக்ரோ செகண்ட். 4 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் எந்தக் கடையிலும் கிடைக்கும். அதன் துடிப்பை 256 வரை எண்ணினால் மிகச் சரியாக 64 மைக்ரோ செகண்ட்! 256 என்றால் 8 பிட். நான்கு பிட் எண்ணும் கவுண்டர் ஐசியான 74HC163 இரண்டு போதும், எங்கேயும் ரீசெட் செய்ய வேண்டாம், தானே சுற்றி பூஜ்யத்துக்கு வந்துவிடும். இந்தப் பொருத்தத்தைக் கண்ட ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை மாப்பிள்ளை.

வரிகளை எண்ண இன்னும் மூன்று 163. ஒரு படத்துக்கு 312 வரி வைத்தேன், நொடிக்கு 50 படம் வருகிறது. கவுண்டர் 311-ஐத் தொட்டதும் கிளியர் ஆக வேண்டும். 311-இல் ஒன்றாக இருக்கும் பிட்டுகள் ஆறுதான். அந்த ஆறையும், எல்லாம் ஒன்றானால் மட்டும் கிளியர் சிக்னல் தரும் ஒரு 74HC30 கேட்டில் கொடுத்தால் வேலை முடிந்தது. இங்கே 161 போட்டுவிடாதே. அது கிளாக்குக்குக் காத்திராமல் உடனே கிளியர் ஆகிவிடும், கணக்கு ஒன்று குறைந்துவிடும்.

எட்டுப் புள்ளிக்கு ஒரு பைட் என்றால் வரிக்கு 32 பைட், 256 வரிக்கு 8192 பைட். 2764-இன் கொள்ளளவு அதேதான்! கவுண்டர் கம்பிகளை நேராக ஈப்ராமின் அட்ரஸ் கால்களில் சேர்த்துவிட்டேன். அதிலிருந்து வரும் பைட்டை 74HC166 என்ற ஷிஃப்ட் ரெஜிஸ்டர் ஒவ்வொரு புள்ளியாகத் தள்ளுகிறது. ஒரு பைட்டுக்கு 2 மைக்ரோ செகண்ட் அவகாசம் இருப்பதால் எவ்வளவு பழைய ஈப்ராமும் தாங்கும். வரியின் இரு ஓரத்திலும் திரை கறுப்பாக இருக்க வேண்டும் அல்லவா? அதற்குத் தனி சர்க்யூட் கிடையாது. ஓரங்களுக்குரிய ஆறு பைட்டில் பூஜ்யம் எழுதிவிட்டேன். மீதி 26 பைட், அதாவது 208 புள்ளி, படத்துக்கு.

வரி எங்கே தொடங்குகிறது என்று டிவிக்குச் சொல்லும் சின்க் துடிப்பு 4.7 மைக்ரோ செகண்ட் என்பது விதி. என்னுடையது எண்ணிக்கையின் கடைசி 16 துடிப்பு, அதாவது 4 மைக்ரோ செகண்ட். டிவி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. கடைசியில் சின்க்குக்கு 1 கே, படத்துக்கு 470 ஓம் ரெசிஸ்டர் வழியாக இரண்டையும் சேர்த்து ஏவி சாக்கெட்டின் மஞ்சள் ஓட்டைக்குக் கொடுத்தேன். டிவிக்குள்ளே 75 ஓம் இருக்கிறது. 5 வோல்ட் சப்ளையில் சின்க் 0, கறுப்பு 0.3, வெள்ளை 0.95 வோல்ட். இரண்டே ரெசிஸ்டரில் மூன்று நிலையும் வந்துவிடுகிறது.

படம் நிலையாக நின்றதும், வேண்டுமென்றே செங்குத்து சின்க் கம்பியை மட்டும் உருவிப் பார்த்தேன். படம் மேலே ஓட ஆரம்பித்தது. சின்ன வயதில் மொட்டை மாடி ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி இலங்கையின் ரூபவாஹினி டிவி பிடித்தோமே, அப்போது ஓடுமே, அதே ஓட்டம். சிக்னல் பலமில்லாதபோது இரைச்சலில் இந்தத் துடிப்பு தொலைந்துபோகும், படம் எங்கே தொடங்குகிறது என்று டிவிக்குத் தெரியாது. நீ பின்னால் நின்று படத்தை நிறுத்தும் வி-ஹோல்டு திருகைப் பிடித்துக்கொண்டு “நின்னுச்சா, நின்னுச்சா” என்று கத்துவாய்.

மகள்தான் கிராஃப் தாளில் ஊர்ப் பெயரை வரைந்து கொடுத்தாள். 8 புள்ளி அகலத்தில் ஆங்கில எழுத்து அடங்கும், நம் எழுத்துக்குப் பற்றாது. ‘ளி’யின் சுழியும் மேல்விலங்கும் 16 புள்ளி கேட்கின்றன. இன்னொன்று, இங்கே ஒரு புள்ளியின் அகலம் அதன் உயரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் ஒவ்வொரு வரிசையையும் இரண்டு முறை எழுதினால்தான் எழுத்து சப்பையாகத் தெரியாமல் இருக்கிறது. அவள் பொறுமையாகத் திருத்தித் திருத்தி வரைந்தாள். திரையில் ‘உச்சிப்புளி’ என்று வந்தபோது கிட்டே போய் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுப் பார்த்தாள்.

கடல் காற்றுதான் தொல்லை. ஐசி கால்கள் கறுத்துவிடுகின்றன, பிரெட்போர்டை நம்ப முடியாது. எல்லாவற்றையும் சால்டர் செய்து, ஒவ்வொரு ஐசிக்கும் ஒரு 104 (0.1 மைக்ரோஃபாரட்) கெபாசிட்டர் வைத்து, மேலே வார்னிஷ் அடித்துவிட்டேன்.

அடுத்தது, ஈப்ராமை எடுத்துவிட்டு 6264 ராம் வைக்க வேண்டும். அப்போது ஓடும்போதே படத்தை மாற்றலாம். அட்ரஸ் கம்பி 13-ஐயும் கவுண்டருக்கும் நமக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்க, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 74HC157 ஐசி நான்கு வேண்டும். சென்னையிலிருந்து வரும்போது ரிச்சி தெருவில் ஒரு 6264-உம் 157 ஐந்தும் வாங்கி வா, ஒன்று கையிருப்புக்கு. 157 வாங்கும்போது HC வகையா என்று பார்த்து வாங்கு. தடை முடியும் முன்பே வந்துவிடு, அப்புறம் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

அன்புடன்,
உன் மச்சான்