மாங்குளம் சந்தி ஆட்டோத் தம்பிக்கு ஒரு கும்பிடு

ஒட்டுசுட்டான் உறவுகளுக்கு,

என் வலது கண்ணுக்குள் இரத்தக் குழாய் கசிந்து பார்வை கெட்டதும், அதற்குச் சிகிச்சை செய்ததும் உங்களுக்குத் தெரியும். பார்வையைச் சோதிக்கும் கட்டத்தாளை நேற்றும் பார்த்தேன். கோடுகள் வளைந்துதான் தெரிகின்றன, ஆனால் வளைவு கூடவில்லை. அது போதும்.

பணம் சேர்த்த பழைய மாணவர்கள், கனடாவிலிருக்கும் பெறாமக்கள், தங்க இடம் தந்த மச்சாள், சோறு கொண்டுவந்த அயலவர்கள், எல்லோருக்கும் சேர்த்து ஒரே கும்பிடு. கோபிக்காதீர்கள், மிச்ச இடமெல்லாம் பெயர் தெரியாத ஒருவருக்குத்தான்.

வேர்ட்டிபோர்பின் என்ற மருந்தைக் கை நரம்பில் பத்து நிமிடம் ஏற்றினார்கள். இரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து திரியும் எல்.டி.எல். புரதத்தில் தொற்றிக்கொண்டு அது கண்ணுக்குப் போகுமாம். பிறகு 689 நானோமீட்டர் சிவப்பு ஒளி, 83 செக்கன். அந்த ஒளி சுடாது. மருந்தை எழுப்பிவிடும், மருந்து பக்கத்திலுள்ள ஒட்சிசனை வெறிகொள்ளச் செய்யும், கசியும் குழாய் அடைபடும். உடம்பில் மிஞ்சிய மருந்தை வெயிலும் எழுப்பிவிடும் என்பதுதான் வில்லங்கம். ஐந்து நாள் வெயில் படக்கூடாது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே தோலைச் சுடும் என்பதால் வெயில் களிம்பும் உதவாது.

சிகிச்சை முடிந்து ஊர் திரும்ப, விடியுமுன் இறங்கிவிடலாம் என்று இரவு பஸ் ஏறினேன். வழியில் டயர் காற்றுப் போய், மாங்குளத்தில் இறங்கும்போது எட்டரை மணி. நீளச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, தலையில் துவாய் என்று கொட்டகைக்குள் ஒடுங்கி நின்றேன். ஆட்டோத் தம்பி ஒருவர் வந்து என்னவென்று கேட்டார். வெயில் படக்கூடாது என்றேன். அவ்வளவுதான். ஆசனத்துக்கு அடியிலிருந்து தன் சாரத்தை எடுத்து ஒரு பக்கமும், உரப்பையைக் கிழித்து மறுபக்கமும் கட்டினார். காற்றில் சாரம் விலகும்போதெல்லாம் நிறுத்தி, இறங்கிவந்து முடிச்சை இறுக்கினார். ஏழு தரமாவது இருக்கும். வாசலில் அதையே அவிழ்த்து என் தலைக்கு மேல் பிடித்துப் படியேற்றினார். கூலிக்கு மேல் ஒரு சதமும் வாங்கவில்லை.

அயலவர்கள் என்னை இருட்டறையில் அடைக்கப் பார்த்தது தனிக்கதை. வீட்டுக்குள்ளிருக்கும் மெல்லிய வெளிச்சம் நல்லது, மிஞ்சிய மருந்தை அதுவே மெல்லமெல்லச் செயலிழக்கச் செய்யும். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள் சொல்லியும் யார் கேட்டார்கள்!

இனி ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுவதில்லை என்று சபதம் எடுத்திருக்கிறேன். எத்தனை நாள் நிலைக்குமோ தெரியாது.

தம்பி, அவசரத்தில் சாரத்தைக் கதிரையில் விட்டுப் போய்விட்டீர்கள். நீலம், வெள்ளைக் கோடு. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். சந்தியில் இரண்டு தரம் தேடியும் உங்களைக் காணவில்லை. தெரிந்தவர்கள் அவரிடம் சொல்லிவிடுங்கள்.